மீன் பிடித்தவரைத் துணைக்கு வந்தவர் என்று எழுதிய ஆய்வு

அனுப்புநர்
கொ. லீலாவதி,
க/பெ. கொளஞ்சி,
பள்ளிக்கூடத் தெரு, எறையூர்,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்
திட்ட இயக்குநர் அவர்கள்,
கடல் தூண்டில் பொழுதுபோக்கு – சமூகப் பொருளாதார ஆய்வுத் திட்டம்.

பொருள்: ஆய்வில் என் பெயரைத் திருத்தவும், தூண்டில் அனுமதி அட்டை வழங்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாங்கள் கரும்பு விவசாயிகள். வெட்டு முடிந்து ஆலைக்கு லோடு போனதும் நானும் என் கணவரும் பஸ் ஏறிக் கடற்கரைக்குச் செல்வது வழக்கம். அங்கே கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவில் நின்று மீன் பிடிப்பேன். பிடிப்பேன் என்று ஒருமையில் எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். என் கணவருக்குப் புழுவைத் தொடவே அருவருப்பு. அவர் எனக்குக் குடை பிடிப்பார். சில நேரம் பிடித்தபடியே தூங்குவார்.

2. சென்ற மாசி மாதம் தங்கள் ஆய்வாளர் திரு. சுதர்சன் அங்கு வந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கொடுவா மீன் என் தூண்டிலில் மாட்டி, என்னைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. தம்பி என்னைத் தாண்டிச் சென்று, என் கணவரை எழுப்பி, "வருசக்கணக்கா வர்றீங்களாங்கய்யா?" என்று கேட்டார். "ஆமாங்க தம்பி" என்றார் இவர். அதில் பொய் இல்லை. பிறகு தம்பி என்னிடம், "ஐயாவோட தூண்டில கொஞ்ச நேரம் புடிச்சிட்டிருக்கீங்களாம்மா?" என்றார். மீன் இழுத்த இழுப்பில் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

3. கொடுவாவைக் கரையேற்றிய பின், "இது யாரு கணக்குல தம்பி?" என்று கேட்டேன். "குடும்பக் கணக்குலங்கம்மா" என்று சிரித்துவிட்டு, அதைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி என் கணவரைப் படம் எடுத்தார். மீன் ஒருமுறை துள்ளியதும் இவர் கீழே போட்டுவிட்டார். அந்தப் படம் தங்கள் அறிக்கையில் இல்லை.

4. அறிக்கையில் என் கணவர் 'கடல் இல்லாத உள்மாவட்டத்தைச் சேர்ந்த அனுபவமிக்க தூண்டில்காரர்' என்று இருக்கிறார். நான் 'துணைக்கு வந்தவர். உணவு எடுத்து வருபவர்'. சாப்பாடு அன்று பஸ் ஸ்டாண்டில் வாங்கிய தயிர்சாதம் என்பதையும் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

5. இதைச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் ஆய்வில் பதிவானவர்களுக்கு மட்டுமே இப்போது அனுமதி அட்டை. போன வாரம் சென்றபோது காவலாளி திரு. அமாவாசை என்னை மறித்து, "அட்ட இல்லாம உள்ள வுட முடியாதுங்கம்மா, சார் மட்டும் போகட்டும்" என்றார். என் கணவர் என் தூண்டிலை வாங்கிக்கொண்டு போனார். முதல் வீச்சிலேயே முள் அவர் வேட்டியில் மாட்டியது. வாசலில் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று நான் வழி சொல்லச் சொல்ல, அவர் தூண்டில் நரம்பைத் தன்மேலேயே சுற்றிக்கொண்டார். கடைசியில் திரு. அமாவாசைதான் கத்தரிக்கோலுடன் ஓட வேண்டியதாயிற்று.

6. கிழிந்த வேட்டியுடன் வெளியே வந்தவர் அட்டையைக் காவலாளியின் மேசையில் வைத்தார். "அவ இல்லாம எனக்கு அங்க என்னங்க வேல? நீங்களே வச்சிக்குங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது. கடல் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன். தூண்டில் போடாமலே ஊர் திரும்பினோம்.

7. ஐயா, 'ஏன் கடலுக்கு வருகிறீர்கள்' என்ற கேள்விக்கு இவர் 'பொழுதுபோக்கு' என்று பதில் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பேன். வயலில், வீட்டில், விசேஷத்தில் எங்கே இருந்தாலும் யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கல்லின் மேல் நிற்கும்போது மீனைத் தவிர யாரும் என்னை இழுப்பதில்லை. இதற்குத் தங்கள் படிவத்தில் கட்டம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

8. எனவே அறிக்கையைத் திருத்தி, என் பெயருக்கு அட்டை வழங்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். சந்தேகம் இருந்தால் திரு. சுதர்சனை எறையூருக்கு அனுப்பி என்னிடமே கேட்கச் சொல்லுங்கள். நான் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசுவதில்லை என்று என் கணவர் ஒப்புக்கொண்டு, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

தங்கள் நல்ல பதிலை எதிர்நோக்கும்,
கொ. லீலாவதி

ஒப்புக்கொண்டவர்: கொளஞ்சி

இடம்: எறையூர்
நாள்: 16.06.2025