இரண்டாம் பக்கம்

ஒஷாவா
3 மார்ச் 2025

அன்புள்ள குணம்,

என் இரத்தத்தில் மதுவின் அடையாளம் இல்லை. வெள்ளிக்கிழமை குடும்ப டொக்டர் தந்த பரிசோதனை முடிவு இது. சில வாரத்துக்கு முந்திய குடியையும் அது காட்டுமாம். பிரதி இத்துடன் இருக்கிறது.

போன மாதம் மகள் துர்க்காவின் பிறந்தநாளன்று உமக்கு ரெலிபோன் எடுத்தபோது என் நாக்குக் குளறியது உண்மை. "திரும்பவும் குடிச்சிட்டியள், என்ன?" என்று ரெலிபோனை வைத்துவிட்டீர். அதன்பின் நீர் எடுக்கவில்லை. ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால் வீட்டுக்கு வரலாம் என்றீர். அது ஐந்தாம் மாதம்.

அன்று நான் குடித்தது காவா. பசிபிக் தீவுகளில் வளரும் ஒரு செடியின் வேர். தூளாக்கி, தண்ணீரில் பிசைந்து, துணியில் வடிப்பார்கள். என்னோடு வேலை செய்யும் பிஜிக்காரன் மாக்கஸ் வேலை முடிந்தால் சிரட்டையில் ஊற்றித் தருவான். மதுவைப்போல வெறி ஏறாது. உடம்பு இளகும், வாய் மரத்து நாக்குக் குளறும். பியர் தேடும் அந்த மாலை நேரத்தை எனக்கு அதுதான் கடத்தித் தந்தது.

அன்புடன்,
பத்மநாதன்

ஸ்காபரோ
10 மார்ச்

துர்க்காவின் அப்பாவுக்கு,

பேப்பர் கிடைத்தது. சந்தோசம் என்று எழுதக் கை வரவில்லை. முன்னர் ஒருநாள் இருமல் மருந்து என்றீர்கள். இன்னொருநாள் பல்லுப் பிடுங்க ஊசி போட்டது என்றீர்கள். எந்தப் பல்லு என்று கேட்டேன், திறந்த வாயில் முப்பத்திரண்டும் இருந்தது. இப்போது வேர்.

அந்தத் தூளில் கொஞ்சம் அனுப்புங்கள். நானே பார்க்கிறேன்.

அறையில் ஹீற்றர் வேலை செய்கிறதா? உங்கள் கம்பளித் தொப்பி இங்கே கிடக்கிறது.

குணவதி

ஒஷாவா
15 மார்ச்

அன்புள்ள குணம்,

தூள் அனுப்புகிறேன். இரண்டு கரண்டிக்கு ஒரு கோப்பை தண்ணீர். பத்து நிமிடம் பிசைந்து வடியும். ஒரே மூச்சில் குடியும், நின்று ருசி பார்த்தால் முடிக்கமாட்டீர். அன்றைக்குக் கார் ஓட்ட வேண்டாம்.

முதற் கடிதத்தில் பரிசோதனையின் இரண்டாம் பக்கத்தை நான் வைக்கவில்லை. ஈரல் பற்றிய எண் ஒன்று கூடியிருக்கிறது. பழைய குடியாலா, காவாவாலா என்று டொக்டரால் சொல்ல முடியவில்லை. காவா சிலருக்கு ஈரலைத் தாக்குமாம். நிறுத்தச் சொன்னார், நிறுத்திப் பதினைந்து நாள். நீரும் ஒரு கோப்பைக்கு மேல் குடிக்காதீர். அந்தப் பக்கம் இத்துடன்.

மாக்கஸ் இப்போது என் சிரட்டையில் வெறும் தண்ணீர் ஊற்றுகிறான். குடித்து முடிய, அவர்கள் வழக்கப்படி எனக்கும் கை தட்டுகிறான்.

அன்புடன்,
பத்மநாதன்

ஸ்காபரோ
24 மார்ச்

இஞ்சாருங்கோ,

வடித்தேன். மண் கரைத்த தண்ணீர் மாதிரி. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஐந்து நிமிடத்தில் உதடு எங்கே என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் துர்க்கா பிக்கரிங்கில் இருந்து ரெலிபோன் எடுத்தாள்.

"அம்மா, குடிச்சிருக்கிறீங்களா? அப்பா மாதிரியே கதைக்கிறீங்கள்!"

இல்லையடி என்றேன். அது இன்னும் குளறியது.

"பொய் சொல்லாதேங்கோ, நான் வாறன்" என்று காரில் வந்து இறங்கி, என் வாயை மணந்து பார்த்தாள். உங்களுடைய வாயை நான் மணந்த மாதிரி.

இரண்டு பேரும் விழுந்து சிரித்தோம். அவள் போனபின் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவளாவது வந்து பார்த்தாள். நான் ரெலிபோனை வைத்தேன்.

அந்த இரண்டாம் பக்கத்தை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன். முப்பது வருஷத்தில், நான் கண்டுபிடிக்க முதல் நீங்களாகச் சொன்ன விசயம் அது ஒன்றுதான்.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட வாருங்கள். தொப்பியை எடுத்துக்கொண்டு போகலாம். தங்குவதைப் பற்றி நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. அடுத்த பரிசோதனை முடிவு ஏப்ரல் 23, புதன்கிழமை என்று அந்தப் பக்கத்தின் அடியில் எழுதியிருக்கிறது. எண் கூடினாலும் குறைந்தாலும் அன்றைக்கு முதலில் எனக்கு எடுங்கள். நாக்குக் குளறினாலும் வைக்கமாட்டேன்.

உங்கள்
குணம்