சபையின் பேரில் நான்

மார்ச் 8, 1998, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் நாடீன் ஆப்பிள் கேக் தந்தாள். என் மனைவி இர்மா அதைத் தொடவேயில்லை. "வழக்குப் போட்டவ சுட்டதைத் திங்கச் சொல்றீங்களா?"

நாடீன் போடவில்லை. டிசம்பரில் சபைப் படியில் பனி வழுக்கி அவள் இடுப்பெலும்பு உடைந்தது. சிகிச்சைக்குப் பணம் கொடுத்த காப்பீட்டுக்காரர்கள், அதைத் திரும்ப வாங்க, அவள் பெயரைப் போட்டு சபை மேல் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டால் அழுகிறாள். நான் கேட்பதில்லை. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மார்ச் 19

வக்கீலிடம் போனேன். சபை மேல் வழக்குப் போட முடியாதாம். அரசாங்கத்தில் பதிவு செய்யாத சபை; சட்டத்தின் கண்ணில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை. நிலப் பத்திரத்தில் டிரஸ்டிகள் மூவர். இருவர் சபைக்குப் பின்னால் கல்லறையில். "மிச்சம் நீங்கதான் சார், வழக்கு உங்க மேலதான் வரும். வழக்கு முடியறவரைக்கும் வீட்டை விக்காதீங்க."

வீட்டை விற்றுவிட்டு டல்சா நகரத்துக்குப் போவதாக இருந்தோம்; அங்கே மகள் எங்களுக்கு அறை ஒழித்து வைத்திருக்கிறாள். இர்மாவுக்கு நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. இந்த மலையில் இன்னொரு குளிர்காலம் தாங்குவாளா?

மார்ச் 25, புதன்

ஜெபக் கூட்டம் முடிந்து போதகர் டாயிலைப் பிடித்தேன். சபையைப் பதிவு செய்துவிடலாம், இனி யாரும் என்னைப் போல மாட்டாதிருக்கட்டும் என்றேன்.

"பிரதர் லீலண்ட், சபைக்குத் தலை கிறிஸ்து. அரசாங்கம் பெத்த பிள்ளையாயிட்டா அது சொன்னபடிதான் கேக்கணும்."

"சரி. வீடு போறது எனக்குத்தானே?"

"உங்களுக்காக தினமும் முழங்கால்ல நிக்கிறேன்."

பொய்யில்லை. கால்சட்டை முட்டி வெளுத்திருக்கிறது. அவர் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம் — அப்ப நான் யார்கிட்டப் போய்க் கத்தறது?

மார்ச் 26

தூக்கமில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

வாக்கெடுப்பு. பதிவு வேண்டும் என்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். முதலில் நாடீன், ஊன்றுகோலோடு.

"நீ எதுக்கும்மா நிக்கிறே? உன்னாலதானே இத்தனையும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அதனாலதான் நிக்கிறேன்."

இர்மா எழுந்தாள். நான் எழவில்லை. தன் வீட்டுக்காக நிற்கிறான் என்பார்களே — கால் வரவில்லை. நான் இல்லாமலே தீர்மானம் நிறைவேறியது.

மே 3

போதகர் போய்விட்டார். எதிர்த்தவர்களோடு தீவனக் கடைக் கொட்டகையில் ஆராதனை நடத்தப் போகிறார். என் கையைப் பிடித்து அழுதார். நானும்.

மே 20

வக்கீல் சொல்கிறார்: பதிவு இனி நடப்பதற்குத்தான். டிசம்பரில் நடந்தது என் தலையில்தான். விசாரணை நவம்பரில்.

ஜூன் 7, ஞாயிறு

பதிவுக்குத் தலைவர் ஒருவர் வேண்டும். யார் என்றதும் எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

"பிரதர் லீலண்டுக்குத்தான் இதெல்லாம் பழக்கம்," என்றான் கெர்மிட். சிரித்தார்கள், பிரியமாகத்தான். இர்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் எழுந்துவிட்டிருந்தேன். ஏன்? போதகரும் போய், நானும் மாட்டேன் என்றால் அங்கே யார் இருக்கிறார்கள்?

ஜூன் 12, வெள்ளி

மகள் வந்து இர்மாவை டல்சாவுக்குக் கூட்டிப்போனாள். காரில் ஏறுமுன் இர்மா என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"குளிர் வர்றதுக்குள்ள வந்துடுவீங்கல்ல?"

"வந்துடறேன்," என்றேன்.