உறைபனிக்கு முந்தின நாள்

மொகோட்லோங் மலைப்பக்கம்,
மே 3.

அன்புள்ள மாலினெயோவுக்கு,

குழந்தைகள் இருவரும் சுகம். லினெயோவுக்கு இருமல் விட்டுவிட்டது. மசேரு நகரத்தில் உன் ஆலை வேலையும் வாடகை அறையும் எப்படியிருக்கின்றன என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் பதில் திங்களன்று வேன்காரர் கையில் வந்தது. “சாவு விழுந்த ஊரில் அடக்கம் முடியும்வரை மண்ணில் கை வைக்கக் கூடாதுதானே அத்தான். நீங்கள் தோட்டத்தை மூடாமல் விட்டது சரி. உங்கள் தம்பி இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்” என்று எழுதியிருந்தாய். நீ திட்டி எழுதியிருந்தால் திருப்பித் திட்ட என்னிடம் சொற்கள் தயாராக இருந்தன. இதற்குச் சொல்லை ஆறு நாளாகத் தேடிவிட்டு இப்போது எழுதுகிறேன்.

போன கடிதத்தில் நான் எழுதியவை எல்லாம் நடந்தவைதான். செவ்வாய்க்கிழமை காலை கிழவர் ராபிட்சோ இறந்தார். சனிக்கிழமைதான் அடக்கம். நடுவில் வியாழன் விடியலில் உறைபனி. குளிர்காலம் தொடங்காத ஏப்ரல் பாதியில் இப்படி ஒரு குளிரை இந்த ஊரில் யாரும் கண்டதில்லை. மேலே மலை உச்சியெல்லாம் வெள்ளை. உன் பூசணிக் கொடி வெந்நீர் ஊற்றியதுபோலக் கறுத்துத் தொங்கியது. இன்னும் முற்றாத அவரைக்காய் கையில் எடுத்தால் கூழானது. தக்காளியைப் பற்றி எழுதவே வேண்டாம். முட்டைக்கோசு மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல நிற்கிறது.

நான் எழுதாமல் விட்டது புதன்கிழமையை.

அன்று காலையிலேயே வானொலி எச்சரித்துவிட்டது. பகலில் மான்கொபானே என் வாசலில் வந்து நின்றாள். உன் குழந்தைகளுக்குச் சோறாக்கிப் போடுகிறவள் என்பதால் உன் தோட்டத்துக்கும் தானே காவல் என்று அவளுக்கு நினைப்பு. நீ என்னிடம் விட்டுப்போன சாக்குகளையும் இரண்டு பழைய போர்வைகளையும் கேட்டாள். சாவு கிடக்கும் ஊரில் தோட்டத்துக்குள் போவதாவது என்று அவளை அதட்டினேன். “மூடுறது மண்ணுவேலையா வாத்தியாரே? மண்வெட்டியவா கேட்டேன், சாக்கத்தானே கேட்டேன்! ஊர்த்தலைவர் பொண்டாட்டியே தோட்டத்துக்குப் போத்திவிட்டுட்டு இருக்கா” என்றாள். நான் விடவில்லை. பெரியவர்கள் வகுத்த முறை, அது இது என்று அரைமணி நேரம் பேசினேன். இருபது வருடம் வகுப்பறையில் நின்று இதே முறைகளையெல்லாம் கேலி செய்தவன் நான். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “ஏட்டுப் படிப்பு ஏறினவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று போய்விட்டாள். தன் வீட்டில் இருந்த ஒரே உபரிப் போர்வையை உன் கீரைப் பாத்தியில் போட்டாளாம். அது எவ்வளவு தாங்கும்?

சாக்குகளை நான் ஏன் கொடுக்கவில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டும். அவை என்னிடம் இல்லை. அன்று காலை வானொலியைக் கேட்ட கையோடு, வீட்டுக்குப் பின்னால் என் பூசணிகளின்மேல் அவற்றை நானே விரித்துக் கல் வைத்திருந்தேன். உன் போர்வைகள் என் அவரையின்மேல் கிடந்தன.

என் தோட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, மாலினெயோ. இன்றும் கொடிகள் பச்சையாக நிற்கின்றன.

ஊருக்கு இது தெரியும். சனிக்கிழமை அடக்கத்தில் நான் மண் அள்ளிப்போடப் போனபோது மான்கொபானே எல்லாருக்கும் கேட்கும்படி, “ஏன் வாத்தியாரே, செத்தவரு கண்ணுக்கு உங்க தோட்டம் மட்டும் தெரியலியோ?” என்று கேட்டாள். சவக்குழி பக்கத்தில் நின்றே சிரித்தார்கள். ராபிட்சோவின் மகன்கூடச் சிரித்தான்.

காரணம் கேட்பாய். ஊற்றுக்குப் பக்கத்து மனையைத் தலைவர் மூத்தவனான எனக்குத் தராமல் தம்பி மொஹாபிக்குத் தந்தாரே, அப்படித் தரச்சொல்லி அவர் காதில் ஓதியவர் ராபிட்சோதான். பெண்டாட்டி ஓடிப்போனவனுக்கு ஊற்றுத் தண்ணீர் எதற்கு என்று சொன்னாராம். பதினான்கு வருடம் ஆயிற்று. தலைமை ஆசிரியர் பதவி கைநழுவியதையும், என் தம்பி சுரங்கத்திலிருந்து பிணமாக வந்ததையும்கூட அந்த மனையோடு சேர்த்தே மனதில் கட்டிவைத்திருந்தேன். நீ அதில் கல்லடுக்கி வட்டப்பாத்தி கட்டியபோது நான் ஒரு கல் எடுத்துத் தரவில்லை. ஒவ்வொரு வருடமும் உன் கொடி என் கொடியைவிட நீளமாகப் போனது. இவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் ஒரு பக்கம்கூட வரவில்லை.

குளிர்காலம் முழுக்க அந்தப் பூசணியும் அவரையும்தான் குழந்தைகளுக்குச் சாப்பாடு என்று கணக்குப் போட்டுத்தான் நீ மசேருவுக்குப் போனாய். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

நேற்று என் பூசணிகள் எல்லாவற்றையும் பறித்து, அவரையையும் மூட்டை கட்டி, கழுதையில் ஏற்றிக் கொண்டுபோனேன். மான்கொபானே மூட்டையைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். லினெயோதான் கதவை மறித்து நின்றாள். “அம்மாகிட்ட கேட்டுத்தான் வாங்குவேன் பெரியப்பா. அம்மா வேணாம்னா வேணாம்” என்றாள். சின்னவன் அவள் கைக்குக் கீழே எட்டிப் பார்த்து, “அந்தப் பெருசு மட்டும், அக்கா” என்றான். அவனை உள்ளே தள்ளிவிட்டாள். அத்தனை காயும் இப்போது அவர்கள் வாசலில், சுவரோரமாகக் கிடக்கின்றன. கழுதையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் மகள் உன்னைப் போல. நீ சொல்லாமல் தொடமாட்டாள்.

வேன்காரர் வியாழக்கிழமை திரும்பி வருகிறார். என்னைப் பற்றி உனக்கு என்ன தோன்றினாலும் அதை எனக்கு எழுது, எழுதாமலும் இரு, உன் விருப்பம். அவளுக்கு மட்டும் ஒரு வரி எழுதி அவரிடம் கொடுத்தனுப்பு. எடுத்து உள்ளே வைக்கச் சொல். இரவில் வெளியே கிடந்தால் அவையும் பனியில் போய்விடும். நான் வைத்தால் அவள் வெளியே வைப்பாள்.

கடவுள் உன்னையும் குழந்தைகளையும் குளிரிலிருந்து காக்கட்டும்.

இப்படிக்கு,
மொஹாபியின் அண்ணன்,
தெகிசோ