முடி மருந்தும் மருந்துதான்

அன்புள்ள நீலோ,

பெர்த்தில் உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருப்பதால் கடிதமாக எழுதுகிறேன். அப்பாவின் முதுகுவலி படகு இழுத்ததால் வந்ததில்லையாம். புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், முதுகெலும்பு வரை போய்விட்டது.

போன வருடம்தானே ரத்தப் பரிசோதனையில் சரியாக இருந்தது என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். அது சரியாக இருந்ததன் காரணம் நம் வீட்டுச் சவுனாவில், அந்த நீராவிக் குளியல் அறையில் இருக்கிறது. பென்த்தி பெரியப்பா சிறுநீர் அடைப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார் அல்லவா, அதில் அவருடைய வழுக்கையில் பூனைமுடி முளைத்ததை ஒரு சனிக்கிழமை ஆவியில் உட்கார்ந்தபடி அப்பா பார்த்துவிட்டார். பெரியப்பாவும் சிரித்துக்கொண்டே அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "யார்மோ, உனக்கு மேலே மட்டும்தானே பிரச்சினை, கால்வாசி போதும்டா" என்று ஒரு டப்பாவைக் கொடுத்தாராம். அன்றிலிருந்து மீன் கத்தியால் நாலாக வெட்டிச் சாப்பிட்டிருக்கிறார். வைட்டமின் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சிறுநீர் அடைப்புக்கும் முடி கொட்டுவதற்கும் ஒரே மருந்துதான். ஆண் ஹார்மோன் உடம்புக்குள் இன்னும் வீரியமான ஒன்றாக மாறி, வயதான காலத்தில் சுரப்பியைப் பெரிதாக்குகிறது, உச்சந்தலையில் முடியின் வேரை நலிய வைக்கிறது. அந்த மாற்றத்தை மாத்திரை தடுக்கிறது. சுரப்பி சுருங்குகிறது, முடி நிற்கிறது. ஆனால் புற்றுநோயைச் சந்தேகிக்க வைக்கும் ரத்தப் பரிசோதனை எண்ணையும் அது பாதியாகக் குறைத்துவிடும். மாத்திரை சாப்பிடுகிறவர் என்று தெரிந்தால் டாக்டர் அந்த எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்ப்பார். வேலையிடத்து டாக்டர் ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டபோது அப்பா இல்லை என்றிருக்கிறார். பொய் சொல்லவில்லை, நீலோ. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "முடி கொட்டுறது நோயா அவுட்டி, அதைப் போய் மருந்துன்னு சொல்ல?" என்றார். நம் ஆண்களுக்கு மருந்து என்றால் படுத்த படுக்கையில் சாப்பிடுவது. முன்பே தெரிந்திருந்தால் குணப்படுத்தியிருக்கலாமா என்று இப்போது பார்க்கும் டாக்டரிடம் கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றாள். அந்தப் பதிலோடுதான் எழுந்திருக்கிறேன், அதோடுதான் படுக்கிறேன்.

இப்போது ஊசி போட்டு ஹார்மோனையே அடக்குகிறார்கள். தள்ளிப்போடும், குணமாக்காது. வியர்த்துக் கொட்டுகிறது, காரணமில்லாமல் அழுகிறார், அழுததற்கு வெட்கப்படுகிறார். பெரியப்பா இப்போது சவுனாவுக்கு வருவதில்லை. என் கையால் கொடுத்தேனே என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை, கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

நீ கிளம்பும்போது உன் பையிலும் அப்பா ஒரு டப்பா வைத்தார் என்று அவரே சொன்னார். உன் நெற்றியும் ஏறுகிறதே என்ற பாசம். அதை நிறுத்து என்றோ தொடர்ந்து சாப்பிடு என்றோ நான் சொல்லவில்லை, அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிக் கேள். அப்பாவுக்கு வந்த நோய் என்பதால் உனக்கும் ஒரு நாள் இந்தப் பரிசோதனை செய்வார்கள். அன்றைக்கு முதல் பேச்சாக இந்த மாத்திரையைச் சொல்.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் அப்பா சொன்னார். பிள்ளை வேலையை விட்டுவிட்டு ஓடிவருவான் என்று பயம். நேற்று அவர் தலையைத் துவட்டிவிட்டேன். எல்லா முடியும் அப்படியே அடர்த்தியாக இருக்கிறது, இந்த ஊசியால் இனி கொட்டவே கொட்டாது என்றாள் நர்ஸ். அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் மிச்சமில்லை. மறக்காதே, விடுமுறையைக் கிறிஸ்துமஸுக்கு வைத்துக்கொள்ளாதே, நம் ஊர்க் கோடையிலேயே வா. கிறிஸ்துமஸைப் பற்றி டாக்டர் எதுவும் பேசவில்லை.

உன் அம்மா,
அவுட்டி