ஸ்கேன் அறைக்குள் போன கிட்டங்கிச் சாவி

அனுப்புநர்:
அ. பரமானந்தம், விவசாயி,
மந்திப்பாறை, போளூர் அஞ்சல்,
கொடைக்கானல் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: என் மகள் ஜோசப்பினுக்கு நின்றுபோன எம்.ஆர்.ஐ. ஸ்கேனை விரைவில் எடுக்கச் சிபாரிசு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் விவசாயிகள் சங்கம் சென்ற செப்டம்பரில் அவசரமாகக் கூடி, நீண்ட விவாதத்துக்குப் பின், பூண்டுக் கிட்டங்கியின் இரும்புச் சாவி சென்னை சென்று வரலாம் என ஏகமனதாக முடிவு செய்தது. அச்சாவி மலையை விட்டு இறங்கியது அதுவே முதல் முறை.

2. சாவியோடு சென்றவள் என் மகள். ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. சில வருடங்களாக அவளுக்கு வலிப்பு. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் வழக்கம். ஊரில் கைக்கு அடங்கும் பெரிய இரும்பு கிட்டங்கிச் சாவிதான். அவள் விழும்போதெல்லாம் வியாபாரிகள் பூட்டின் முன் காத்திருப்பார்கள். குறை சொன்னதில்லை.

3. மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்கு மூளையில் வடுவோ கட்டியோ காரணமாக இருக்கலாம் என்றார் மதுரை டாக்டர். சென்னைக்குப் புதிதாக வந்துள்ள காந்த எந்திரத்தில் படம் எடுத்தால் அது தெரியுமாம். தெரிந்தால் அறுவை சிகிச்சைக்கு வழியுண்டாம். போனோம்.

4. ஸ்கேன் அறை வாசலில் இருந்த ஊழியர் நகை, கடிகாரம், கொண்டை ஊசி ஆகியவற்றைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தோம். சாவியை அவர் கேட்கவில்லை. எங்கள் கணக்கில் அது மருந்து, நாங்களும் சொல்லவில்லை. என் மனைவி சூசையம்மாள் அதை மகளின் கம்பளிக்குள் சுருட்டி வைத்தார். இது தேவையா என்று நான் கேட்டதற்கு அவர் தெரிவித்த கருத்து வருமாறு: "உள்ள வச்சு வந்துருச்சுன்னா புள்ள வெறுங்கையோடயாங்க கெடப்பா? பேசாம இருங்க."

5. மகள் படுத்ததும் சாவி கம்பளியை விட்டுக் கிளம்பி, அவள் தலைக்கு மேலே பறந்து எந்திரத்தில் ஒட்டிக்கொண்டது. யாருக்கும் காயமில்லை. எந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்து, பத்திரமாகப் பார்சலில் அனுப்பியும் வைத்தார்கள். சங்கம் அதற்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது. மகளின் படம் எடுக்கப்படவில்லை. வரிசையில் அவளுக்கு இப்போது கடைசி இடம். அடுத்த ஆகஸ்டில் வரச் சொல்கிறார்கள்.

6. தவறு எங்களுடையது என மருத்துவமனை எழுதியுள்ளது. மறுக்கவில்லை. எங்கள் பக்கத்து வலிப்புக்காரர் இரும்போடுதான் வருவார். நகையைக் கேட்டவர் அதையும் கேட்டிருக்கலாம் என்பதே என் புகார். டாக்டரின் சான்று வந்த பிறகே வகுப்புக்கு வரலாம் என்கிறது பள்ளி. படம் வந்த பிறகே சான்று என்கிறார் டாக்டர். அதனால் மகள் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

7. இவ்விவரத்தை வேறு அலுவலகங்களுக்கும் எழுதினேன். ஒவ்வொன்றும் மற்றொன்றின் முகவரியைத் தந்தது. தங்கள் முகவரி அவ்வாறு கிடைத்ததே.

ஆகஸ்டுக்கு முன் ஒரு நாள் கிடைக்கும்படி சிபாரிசுக் கடிதம் தருமாறும், ஸ்கேன் அறை வாசலில் இரும்பைப் பற்றித் தமிழில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இடம்: மந்திப்பாறை
நாள்: 14.11.1989

இப்படிக்கு,
அ. பரமானந்தம்
ப. ஜோசப்பின் (இடது பெருவிரல் ரேகை. வலது கை சனிக்கிழமை அடுப்பில் வெந்துவிட்டது.)