நம் புரோகிராமில் உன் கூவல்

என் பிடிவாதக்கார அண்ணனுக்கு,

நீ பாதியில் விட்டுப்போன இசை புரோகிராம் ஓடுகிறது. இதை முதலில் சொல்லாவிட்டால் வேறெதுவும் உன் காதில் ஏறாது. மெட்டு எதையும் நாம் எழுதவில்லை, விதிகளை மட்டும்தான் எழுதினோம். அவற்றை வைத்துக்கொண்டு லேப்டாப் தானாகவே ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை வாசிக்கிறது. நாளை சோளக்காடு ஊரில் மேடை. தள்ளியிருக்கும் குண்டனி நாட்டு ஊர்களிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்களாம்.

ஆனால் நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

உன் முதல் விதியை நீ மிளகுக் காட்டிலிருந்துதானே எடுத்தாய்? ஏணியில் ஏறியவர் கூவுவார், பக்கத்து மரத்துக்காரர் பதில் கூவுவார். பதில் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகும் கூவினால் ஆபத்து என்று பொருள், எல்லோரும் ஓடிவர வேண்டும். நீ உன் கூவலையே பதிவு செய்து புரோகிராமில் வைத்தாய். மைக்கில் யாராவது பதில் கொடுக்கும்வரை அது கூவிக்கொண்டே இருக்கும், பிறகுதான் இசை தொடங்கும் என்றாய். எவ்வளவு பெருமை உனக்கு அதில்!

நேற்று ஸ்பீக்கரைக் களத்தில் வைத்துச் சோதித்தேன். உன் கூவல் போனது. மேல்காட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தவர்கள் பழக்கத்தில் பதில் கூவினார்கள். மைக் வயர் கழன்று கிடந்ததால் லேப்டாப்புக்கு அது கேட்கவில்லை. மறுபடி கூவியது. அவர்கள் இன்னும் உரக்கப் பதில் தந்தார்கள். அது மறுபடியும் கூவியது.

நான் குனிந்து வயரைத் தேடிக்கொண்டிருந்தபோது ஏணிகளில் சறுக்கி இறங்கும் சத்தம் கேட்டது. "ஏனுங்க, யாருங்க உழுந்தது?" என்று கத்திக்கொண்டே பக்கத்துக் காட்டு அக்கா முதலில் வந்தார்.

அப்பா களத்துக்கு வரவில்லை. போன வருடம் நீ மிளகு பறிக்க ஏறி விழுந்தாயே, அந்தச் சில்வர் ஓக் மரத்தை நோக்கி வெறுங்காலோடு ஓடினார். கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"அப்பா, அது பொட்டியில வந்த சத்தம்ப்பா."

"தெரியுது கண்ணு. பாதி வழியிலயே தெரிஞ்சுபோச்சு. காலு நிக்க மாட்டேன்னுருச்சு."

அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. "நாளைக்கு நெசமாவே ஒருத்தரு கூவுனா, பொட்டிதான்னு நாங்க சும்மா இருந்துட்டா என்ன பண்றது சாமி?" என்று மட்டும் கேட்டார். நீயாக இருந்தால் ஏதாவது வாதாடியிருப்பாய். நான் போய் லேப்டாப்பை மூடினேன்.

உன் குரலென்று எங்களிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு பதிவுதான். அது இல்லாத புரோகிராம் உன்னுடையதாகுமா? காலையில் வெகுநேரம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பிறகு உன் கூவலை எடுத்துவிட்டு ஒரு மணியோசையை வைத்தேன். பதிலுக்குக் காத்திருக்கும் உன் விதியைத் தொடவில்லை. பதிவையும் அழிக்க மனம் வரவில்லை. ஆனால் இனி அதை இயர்போனில் மட்டும்தான் கேட்பேன்.

கோபமா? இருந்தால் இருக்கட்டும். நாளை அப்பா முன்வரிசையில் உட்காரப்போகிறார். இனி ஒருநாளும் அவரை அந்த மரத்துக்கு ஓடவிட மாட்டேன், அண்ணா.

உன் ஒரே தங்கச்சி,
பூங்கொடி