குண்டு விழும் திரை

பக்கத்து வீட்டுக்காரர் காலையிலிருந்து தன் கேற்றுக்கு வெள்ளி நிறப் பெயின்ற் அடிக்கிறார். அந்த வாடை மதிலைத் தாண்டி வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் இருந்தேன், எழும்பினேன், குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன், மறுபடி வந்து இருந்தேன். "ஏன் இப்ப குட்டி போட்ட பூனை மாதிரி நடக்கிறியள்?" என்று மனைவி கேட்டாள். மச்சான், லிங்கநகரில் ஒருவர் கேற்றுக்குப் பெயின்ற் அடித்தால் நீ ஏன் வந்து என் தலைமாட்டில் நிற்கவேண்டும், சொல் பார்ப்போம்.

அதே பெயின்ற்தான். கடற்படைத் தளத்தில் கப்பல்களுக்கு இலக்கம் எழுதுவது உன் வேலை. வேலை முடிந்து என் ஸ்ரூடியோவுக்கு வரும்போது உன் நகக்கண்களில் வெள்ளி மினுங்கும். படம் பிடிக்கும்போது பின்னால் தொங்கவிட ஒரு திரை வரைந்து தா என்று கேட்டேன். நான் கேட்டது மாடிப்படி, பூந்தோட்டம், குளத்தில் இரண்டு அன்னம். நீ வரைந்து தந்தது ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட காலை. வானம் நிறைய வெள்ளிப் பிளேன்கள். சீனக்குடாவில் எரிகிற எண்ணெய்த் தாங்கி. மணல்மூட்டைக்குப் பின்னால் பீரங்கியோடு வெள்ளைக்காரச் சிப்பாய்கள். சட்டியும் பாயும் தூக்கிக்கொண்டு ஓடுகிற சனம்.

"இதுக்கு முன்னால நிண்டு ஆர் மச்சான் கலியாணப் படம் எடுப்பினம்?" என்று கத்தினேன்.

"கப்பல்காரங்கள் எடுப்பாங்கள், இருந்து பார்" என்றாய்.

எடுத்தார்கள். கப்பலால் இறங்கிய வெள்ளைக்காரப் பொடியன்கள் பிளேனுக்குக் கீழே நெஞ்சை நிமிர்த்தி நின்று, தாய்க்கு அனுப்பப் படம் எடுத்தார்கள்.

ஆனால் உனக்கு அந்தத் திரை ஒருநாளும் முடியவில்லை. குண்டு விழுந்த நேரம் நீ குழிக்குள் குப்புறக் கிடந்தவன். கண்டது கொஞ்சம், கேட்டதுதான் அதிகம். அதனால் வருகிறவர்கள் சொன்னதையெல்லாம் நம்பினாய். கிண்ணியா வியாபாரி ஒருவர் பிளேன் நேரே கடலால் வந்தது என்றார், அழித்து வரைந்தாய். நிலாவெளிக்காரர் ஒருவர் "அவருக்கென்ன தெரியும், எங்கட தலைக்கு மேலாலயல்லோ போனது" என்றார், அதற்கும் வரைந்தாய். பூசிப் பூசித் திரை பாரமாகி, சுருட்ட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"ஊராருக்கெல்லாம் ஆளுக்கொரு பிளேன் விடப்போறியோ?"

"அவங்களும் கண்டதுதானே மச்சான்."

ஓரிடத்தில் நின்றாயா நீ? கிட்டப் போவாய், தள்ளி வருவாய், தலையைச் சரிப்பாய், திரும்பக் கிட்டப் போவாய். உன்னைப் படம் எடுக்க எத்தனை தரம் நிறுத்தினேன்! நான் விசையை அமத்துகிற நேரம் பார்த்து அசைவாய். கழுவிப் பார்த்தால் முகமிருக்கிற இடத்தில் ஒரு புகை. "பேயைப் பிடிச்ச மாதிரிக் கிடக்கு" என்று திட்டி எல்லாவற்றையும் எறிந்தேன். பிறகு எடுக்கலாம், ஆள் இங்கேதானே கிடக்கிறான் என்ற நினைப்பு.

சல்லிக் கிராமத்திலிருந்து கருவாடு விற்க ஒரு அம்மா வருவார். ஒருநாள் வெயிலுக்கு ஒதுங்கியவர், முற்றத்தில் தொங்கிய திரையைக் கண்டு கூடையை இறக்கிவைத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"வெள்ளைக்காரன் நிக்கிறான், பிளேன் நிக்குது. என்ர பொடியன் எங்க தம்பி?"

அவருடைய மகன் எண்ணெய்த் தாங்கியில் கூலிவேலை செய்தவன். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமை வருவான். குண்டு விழுந்த கிழமை வரவில்லை. எரிந்த இடத்திலிருந்து அள்ளிக் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லையாம். உயிரோடு இருந்த காலத்தில் அவனை ஒரு படம் எடுத்ததும் இல்லை.

"கீறித் தாறன் அம்மா" என்று உடனே சொல்லிவிட்டாய். நான் உன் காலை மிதித்தேன். உனக்கு எங்கே உறைக்கும்?

அதன் பிறகு உனக்கும் நித்திரை இல்லை, எனக்கும் நிம்மதி இல்லை. அவர் மூக்கைச் சொல்வார், மீசையைச் சொல்வார். நீ வரைவாய். அடுத்தமுறை கருவாட்டோடு வந்து பார்த்து, "இது ஆரோ பெத்த பிள்ளை" என்றுவிட்டுப் போய்விடுவார். கோபம் இல்லை, அழுகை இல்லை. நீ சுரண்டி எடுத்துவிட்டு இன்னொரு முகம் வரைவாய். அதுவும் ஆரோ பெற்ற பிள்ளையாகிவிடும்.

அதற்குள் வெள்ளைக்காரர் தளத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள். பிளேனுக்குக் கீழே நிற்க ஆள் இல்லை. ஆவணிக் கலியாணங்கள் வரப்போகின்றன. "இந்த மாதத்துக்குள்ள அன்னம் வரவேணும். இல்லாட்டி நானே சுண்ணாம்பு அடிப்பன்" என்றேன்.

"அந்த மனுசி ஒருக்கா ஓம் எண்டு சொல்லட்டும். பிறகு என்னவும் செய்."

"அவ என்ன கீறினாலும் இல்லையெண்டுதானே சொல்லுறா?"

நீ தூரிகையைத் துடைத்துக்கொண்டே நின்றாய். "முகத்தை மறந்துபோனா மச்சான். ஒவ்வொருநாளும் கொஞ்சம் கொஞ்சமா மறக்குது. பெத்தவள் அதை ஆரிட்டச் சொல்லுவா?"

அடுத்தமுறை அவர் வந்தபோது நீ மூக்கையும் கேட்கவில்லை, மீசையையும் கேட்கவில்லை. "கடைசியா அவனை எப்பிடிக் கண்டனீங்கள்?" என்று கேட்டாய்.

"போகேக்க கண்டனான். விடியப்புறம், கடற்கரையால நடந்தவன். வலை இழுத்து இழுத்து ஒரு தோள் கீழ பதிவு. இடுப்புச் சாரத்தை ஒரு பக்கம் உயத்திச் செருகியிருந்தவன். அடுப்பில சோறு பொங்குது எண்டு நான் உள்ளுக்குத் திரும்பினன். வந்து பாக்க ஆளில்லை."

நீ வரைந்ததைக் கண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சனமெல்லாம் நம்மை நோக்கி ஓடி வர, ஒருவன் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணெய்த் தாங்கிப் பக்கம் நடக்கிறான். ஒரு தோள் பதிவு, சாரம் ஒரு பக்கம் உயர்வு.

"எல்லாரும் ஓட, இவன் ஏன்ரா அங்க போறான்?"

"வேலைக்குப் போறான்" என்றாய்.

அந்த அம்மா வந்தார். கூடையை இறக்க மறந்து, தலையில் வைத்தபடியே பார்த்தார். பிறகு, "ஓம்" என்றார். "ஓம், இவன்தான்." நீ அப்படியே தரையில் குந்திவிட்டாய்.

என்னால் ஏலுமானது படம் எடுப்பதுதானே. திரைக்கு முன்னால் வரச் சொன்னேன். அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று கிளம்பிவிட்டது. திரை அடித்த அடியில் பிளேன்களெல்லாம் துள்ளின. நீ எழும்பிப் பின்னால் ஓடிப்போய், திரையின் கரையை இழுத்துப் பிடித்துக்கொண்டாய்.

"அம்மா, இஞ்சால திரும்புங்கோ. முகம் விழவேணும்."

"ஏலாது தம்பி" என்றார். "அண்டைக்கும் நான் திரும்பின நேரத்திலதான் அவன் போனவன்."

அவர் திரும்பவில்லை. நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அப்படியே எடுத்தேன். கலங்கிய கண்ணால் நான் எடுத்த ஒரே படம் அது.

அவருக்கு ஒரு பிரதி கொடுத்தோம். அடுத்த கிழமை நான் கேட்காமலே அந்தத் திரைக்கு மேல் மாடிப்படியும் பூந்தோட்டமும் வரைந்தாய். இரண்டு அன்னமும் வந்தன. வானத்தில் மட்டும் ஒரு காக்கை கூட வைக்கவில்லை.

நீ நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்து கண்ணை மூடியபோது, முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வைக்க உன் தங்கை என்னிடம்தான் படம் கேட்டாள். எனக்கு வந்த அவமானத்தை எப்படிச் சொல்வேன்? ஊரிலுள்ள முகமெல்லாம் என் பெட்டிக்குள் இருக்கிறது. உன்னுடையது இல்லை. எல்லாவற்றையும் கொட்டித் தேடியபோது அந்த அம்மாவின் படத்து மற்றப் பிரதி கையில் வந்தது. திரையின் வலதுகரையில் நாலு விரல்கள். நகக்கண்களில் பெயின்ற். காற்றில் அந்த அம்மாவின் சேலைத்தலைப்புக் கூடக் கலங்கியிருக்கிறது, உன் விரல்கள் கொஞ்சமும் அசையவில்லை. நிற்கத் தெரியாதவன் என்று உன்னைத் திட்டினேனே, மச்சான்.

தங்கை பார்த்துவிட்டு, "ஓம், அண்ணான்ர கைதான்" என்றாள். அதைத்தான் வைத்தோம்.

காரியம் முடிந்து அவள் திருப்பித் தந்த அந்தப் படத்தை இப்போது அலுமாரியிலிருந்து எடுத்து மடியில் வைத்திருக்கிறேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பெயின்ற் காய்கிறது. சோறு ஆறுகிறது, வாருங்கோ என்று பின்னாலிருந்து மனைவி கூப்பிடுகிறாள். வாறன், வாறன் என்கிறேன். திரும்பவில்லை.